கோணல் கால் பொம்மை

சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அறை வாசலில் வாளி நிறையத் தண்ணீர் இருந்தால்தான் வெடிமருந்தைத் தொடுவோம். “வாளியில தண்ணி இருக்காம்மா?” என்று போர்மேன் தினமும் கேட்பார். அப்பேர்ப்பட்ட நான் வீட்டில் செய்த கூத்தைக் கேளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை, மூன்று வயது மகள் ஜெசியைக் குளிப்பாட்ட, கொதிக்கிற வெந்நீரை வெறும் வாளியில் ஊற்றி வைத்துவிட்டு, விளாவுவதற்குப் பச்சைத் தண்ணீர் எடுக்கப் போனேன்.

“அம்மா, பொம்மைக்குக் கால் வளைஞ்சு போச்சு!” என்று சத்தம். குடத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். தான் குளிப்பதற்கு முன்னால் தன் பிளாஸ்டிக் பொம்மையைக் குளிக்க வைத்திருக்கிறாள்! அடுத்து தானும் வாளிக்குள் இறங்கக் காலைத் தூக்கியிருந்தாள். வாரி எடுத்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

“கம்பெனியில அம்புட்டு சூதானமா இருக்க, வீட்டுல கோட்டை விட்டுட்டியே” என்றார் கணவர்.

இப்போதெல்லாம் வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அதன்மேல்தான் வெந்நீர். கை விட்டுப் பார்க்காமல் பிள்ளையைக் கிட்டே விடுவதில்லை.

ஜெசியோ கோணல் கால் பொம்மையை இடுக்கிக்கொண்டு, குளியலறை வாசலில் நின்று அதட்டுகிறாள்: “பச்சத் தண்ணி மொதல்ல ஊத்திட்டியாம்மா?”

போர்மேன் தோற்றார், போங்கள்!