கல் பதித்த கபடிக் களம்

எங்கள் ஊர்ப் பூங்காவைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அதைப் பார்த்து, "பரவால்லியே, இந்த ஊர்ல இவ்ளோ நீட்டா ஒரு பார்க்கா!" என்பார்கள். அப்போது இன்னும் கொஞ்சம் பற்றும். கம்பெனி பஸ்ஸில் இடது பக்கம் உட்கார்ந்தால் அது கண்ணில் படும் என்று இப்போதெல்லாம் வலது பக்கம்தான் உட்காருகிறேன்.

ஊர் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையில் இருக்கிறது. பெயர் வேண்டாம். நாளைக்கும் நான் அங்கேதான் தண்ணீர் பிடிக்க வேண்டும், ரேஷன் கடையில் நிற்க வேண்டும். நிலங்களை மனைகளாகப் பிரித்து விற்றவர்கள், வரைபடத்தில் ஒரு மூலைக்குப் பச்சை வண்ணம் அடித்து 'பூங்கா' என்று எழுதியிருந்தார்கள். அப்படி ஒதுக்கினால்தான் அங்கீகாரம் கிடைக்குமாம். அந்தப் பச்சையைக் காட்டி எதிர்மனைகளைக் கூடுதல் விலைக்கு விற்றார்கள். விற்று முடிந்த பிறகு அங்கே வளர்ந்ததெல்லாம் சீமைக்கருவேலம்தான். வீடு கட்டுகிறவர்கள் உடைந்த செங்கல்லைக் கொண்டுவந்து கொட்டினார்கள், குடிக்கிறவர்கள் பாட்டிலைப் போட்டார்கள். பஞ்சாயத்தில் யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வருடக்கணக்கில் அது அப்படியேதான் கிடந்தது.

நான் கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனியில் லைனில் நிற்கிறவள். நிற்கிறவள் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஷிப்ட் முழுக்க ஒரே இடத்தில் நின்றுதான் வேலை. கை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும், இடுப்புக்குக் கீழே மரத்துப்போயிருக்கும். வீட்டுக்கு வந்தால் அடுப்படியில் நிற்க வேண்டும். வீட்டுக்காரர் வேறொரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அவருக்கு உட்கார்ந்து செய்யும் வேலை. பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

என் லைனில் தென்மாவட்டங்களிலிருந்து வந்த பயிற்சிப் பெண்கள் சிலர் இருந்தார்கள். எங்கள் தெருவில்தான் ஆறேழு பேராகச் சேர்ந்து அறை எடுத்துத் தங்கியிருந்தார்கள். அவர்களில் சங்கரன்கோவில் பக்கத்துப் பெண் ஒருத்தி. கல்லூரிக் கபடி அணியில் ஆடியவள். எதிரணிக்குள் பாடிக்கொண்டு போனால் ஒருவரையாவது தொடாமல் திரும்ப மாட்டாள் என்று மற்ற பெண்கள் சொல்வார்கள். இங்கே வந்து காலையிலிருந்து வயருக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தாள். ஒருநாள் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது அந்த முள்காட்டைப் பார்த்துச் சொன்னாள்:

"யக்கா, இந்த முள்ள வெட்டித் தள்ளிட்டா நல்ல களம் ஒண்ணு கெடைக்கும்லா? நாம வெளாடலாம்லா?"

நாம என்றாள். அவளுடைய அறைப் பெண்களைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். என்னையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறாள்.

வார லீவுகளில் வெட்டினோம். கம்பெனியில் கழித்துப்போட்ட கையுறைகளைக் கேட்டு வாங்கி வந்தோம். முள்ளை இழுத்துப் போட்டு, கல்லைப் பொறுக்கி, பாட்டிலைத் தனியே சாக்கில் கட்டி, மண்ணைக் கொத்தித் தண்ணீர் தெளித்தோம். கபடிக்கு மண் பொலபொலவென்று இருக்க வேண்டுமாம். அந்தப் பெண் குனிந்து உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்ப்பாள், ஒரு சின்னச் சரளை தட்டுப்பட்டாலும் எடுத்து எறிவாள். கடைசியில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டோம்.

வீட்டில் நான் சொன்னது, "பொண்ணுங்க வெளையாடுதுங்க, தொணைக்கு நிக்கிறேன்" என்பதுதான். துணைக்குத்தான் போனேன். இரண்டாவது நாளே ஆள் குறைகிறது என்று என்னை உள்ளே இழுத்துவிட்டார்கள். சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிர்க்களத்துக்குள் போனேன். நான்கு பேர் காலைப் பிடித்து அமுக்கிவிட்டார்கள். மண்ணில் முகம் பதியக் கிடந்தேன். எழுந்திருக்கவே மனசு வரவில்லை. அத்தனை சந்தோஷமாக இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு நான் ஓடியதெல்லாம் பஸ்ஸைப் பிடிக்கத்தான். வேறு எதற்காகவும் யாரும் என்னை ஓடச் சொல்லவில்லை, நானும் ஓடவில்லை. அன்றைக்கு முட்டியில் தோல் உரிந்திருந்தது. அடுப்படியில் தடுக்கி விழுந்தேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

காலை ஷிப்ட் வாரங்களில் எல்லாம் வேலை முடிந்து வந்ததும் நேரே களம்தான். அந்த ஒரு மணி நேரத்தை நினைத்துக்கொண்டே லைனில் நிற்பேன். கால் வலித்தாலும் தெரியாது.

இதற்குப் பிறகு நாங்கள் செய்த காரியத்தைக் கம்பெனிக்காரிகளைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். எங்கள் தொழிற்சாலையில் ஒரு மூலையைச் சுத்தம் செய்தால் சும்மா விடக்கூடாது. செய்வதற்கு முன்னால் ஒரு போட்டோ, செய்த பிறகு ஒரு போட்டோ எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிப் பலகையில் வைக்க வேண்டும். சூப்பர்வைசர் எல்லோரையும் கூட்டிக் கை தட்டச் சொல்வார். டிபன் பாக்ஸ் பரிசு கிடைக்கும். அது எங்களுக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. முள்காடாக இருந்தபோது எடுத்த படத்தையும் களமாக்கிய பிறகு எடுத்த படத்தையும் சேர்த்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் நான்தான் போட்டேன். ஊரே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியது. பெருமையாக இருந்தது. புத்தியை எங்கே அடகு வைத்திருந்தேனோ!

அடுத்த வாரமே டேப் பிடித்து அளக்க ஆட்கள் வந்தார்கள். சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு பெரிய கம்பெனி, சுற்று வட்டார ஊர்களுக்கு ஏதாவது நல்லது செய்தாக வேண்டும் என்பதற்காக இடம் தேடிக்கொண்டிருந்ததாம். முள் வெட்டி, குப்பை அள்ளி, சமன் செய்த இடமாகக் கிடைத்தால் யார் வேண்டாமென்பார்கள்? மனைக்காரர்கள் சங்கத்தின் செயலாளர் முன்னால் நின்றார். குன்றத்தூரிலிருந்து வந்து இங்கே வீடு கட்டிக் குடியேறிய ஓய்வுபெற்ற மனிதர். அவரிடம் போய்க் கேட்டேன்.

"உங்களுக்காகத்தாம்மா பண்றாங்க. ஜம்முனு வரும் பாரு," என்றார்.

நம்பினோம். அந்த வாரம் எங்களுக்கு மதிய ஷிப்ட், அடுத்த வாரம் இரவு ஷிப்ட். பகலெல்லாம் தூக்கம். பஸ்ஸில் போகும்போது பச்சைத் துணி கட்டி மறைத்திருந்தது மட்டும்தான் தெரிந்தது. மறுபடி காலை ஷிப்ட் வந்து நாங்கள் அங்கே போனபோது களம் இல்லை. நாங்கள் பொறுக்கிப் பொறுக்கிப் பதப்படுத்திய மண்ணின் மேல் சிவப்பும் சாம்பலுமாக பேவர் பிளாக் கல்லை ஒரு விரல் இடம் விடாமல் பதித்திருந்தார்கள். ஓரமாக நான்கு உடற்பயிற்சிக் கருவிகள், மூன்று சிமென்ட் பெஞ்சுகள், சுற்றிலும் கம்பி வேலி, வாசலில் பூட்டு. சங்கரன்கோவில் பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. "இதுல விழுந்தா முட்டி செதறிரும்க்கா," என்று மட்டும் சொன்னாள். எனக்குத்தான் அழுகை வந்தது. அழுகை கூட இல்லை, யாரையாவது அறைய வேண்டும் போலிருந்தது.

திறப்பு விழாவுக்கு எங்களையெல்லாம் கூப்பிட்டார்கள். பெண்கள் கூட்டம் வேண்டுமே, படத்துக்கு நன்றாக இருக்குமே! எங்களுக்கு விளையாட்டு என்று மியூசிக்கல் சேர் வைத்தார்கள். எங்கே எந்த விழா நடந்தாலும் பெண்களுக்கு இந்த நாற்காலியைச் சுற்றுவதுதான். நாற்காலிக்காகப் பெண்கள் இடித்துக்கொள்வதைப் பார்த்து மேடையில் இருப்பவர்கள் சிரிக்க வேண்டும். கரண்டியில் எலுமிச்சம்பழத்தை வைத்து ஓடவிடுவது ஒன்றுதான் பாக்கி. நான் சுற்றவில்லை.

விழா முடிந்ததும் அந்தக் கம்பெனி அதிகாரியிடம் பெண்களைக் கூட்டிக்கொண்டு போனேன். இங்கே கபடி ஆடிக்கொண்டிருந்தோம், ஒரு பாதியிலாவது கல்லை எடுத்து மண்ணாக விடுங்கள் என்று கேட்டோம். அவர் நல்ல மனிதர் மாதிரிதான் சிரித்தார்.

"கபடியா? அது ரஃப் கேம் ஆச்சேம்மா. லேடீஸ்க்கு யோகா பிளான் பண்ணிருக்கோம்."

"வாக்கிங் போங்க, ஒடம்புக்கு நல்லது," என்றார் பக்கத்தில் நின்ற செயலாளர்.

"நாள் பூரா நின்னுட்டு வாரோம் சார். இங்கயும் வந்து சுத்திச் சுத்தி நடக்கணுமா?" என்றாள் அந்தப் பெண். அதற்குள் அதிகாரியின் கார் வந்துவிட்டது.

நடக்கலாம் என்றாலும் எப்போது நடப்பது? பூங்கா திறக்கும் நேரம் செயலாளரின் நடைப்பயிற்சி நேரம். விடிகாலையில் அவரும் அவருடைய நண்பர்களும் நடக்கும்போது திறந்திருக்கும், பிறகு பூட்டு. சாயங்காலம் அவர்கள் மறுபடி வரும்போது திறக்கும். நாங்கள் வேலை முடிந்து வருகிற நேரத்தில் பூட்டுதான் தொங்கும். அவர்கள் வரும்போது நாங்கள் சோறு வடித்துக்கொண்டிருப்போம். ஷிப்ட் வேலைக்காரர்களே நிறைந்த ஊரில், ஷிப்டுக்கே போகாத நாலு பேருக்காக ஒரு பூங்கா. கூடவே ஒரு பலகை: ஓடாதே, விளையாடாதே, சத்தம் போடாதே. இதையெல்லாம் செய்யக்கூடாது என்றால் அதற்குப் பெயர் பூங்காவா? பிணவறையில்தான் இத்தனை ஒழுங்கு இருக்கும்.

யாரிடம் கேட்பது என்றுதான் தெரியவில்லை. கல் பதித்த கம்பெனியில் கேட்டால் பஞ்சாயத்திடம் ஒப்படைத்தாகிவிட்டது என்றார்கள். பஞ்சாயத்தில் கேட்டால் சங்கம்தான் பார்த்துக்கொள்கிறது என்றார்கள். சங்கத்தில் கேட்டால், கல் பதித்தது கம்பெனி, நாங்கள் ஒரு கல்லைக்கூடத் தொட முடியாது என்று கையை விரித்தார்கள். திறப்பு விழாவில் கத்தரிக்கோலைப் பிடிக்க மட்டும் மூன்று பேருக்கும் கை இருந்தது.

கடைசியில் கிராம சபையில் கேட்பது என்று முடிவு செய்தோம். பெண்கள் எல்லோரும் வந்தார்கள். எங்கள் பஞ்சாயத்துக்குத் தலைவர் ஒரு பெண். ஆனால் மைக் எப்போதும் அவருடைய வீட்டுக்காரர் கையில்தான் இருக்கும். சங்கரன்கோவில் பெண் எழுந்து பேச ஆரம்பித்தாள். இரண்டு வாக்கியம் முடியவில்லை, தலைவியின் வீட்டுக்காரர் குறுக்கே வந்தார்.

"ஒரு நிமிசம்மா. உனக்கு இங்க ஓட்டு கீதா?"

"இல்ல சார். எங்க ஊர்ல இருக்கு."

"அப்ப உங்க ஊரு சபையில கேளு. இது இந்த ஊரு சபை. ஒக்காரு."

சபையில் கொல்லென்று சிரிப்பு. அவளுக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. இந்தப் பெண்கள் கொடுக்கும் வாடகையில்தான் எங்கள் தெருவில் பாதி வீடு மாடி எடுத்திருக்கிறது. அப்போது ஓட்டு எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு ஓட்டு இருக்கிறது, இந்தப் பொண்ணுங்களுக்காக நான் கேட்கிறேன் என்று எழுந்தேன். "சரிம்மா, அடுத்த சபையில பாத்துக்கலாம்" என்று பூசி மெழுகி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

அடுத்த சபை வருவதற்குள் பெண்களின் பயிற்சிக் காலம் முடிந்துவிட்டது. முடிந்தால் அனுப்பிவிடுவார்கள். புதிதாக வேறு பெண்கள் வருவார்கள், அவர்களும் அப்படியே போவார்கள். ஒரு குறையைச் சொல்லி, அது காதில் ஏறி, ஏதாவது நடப்பதற்குள் சொன்னவள் ஊரில் இருக்க மாட்டாள். இதை யார் யோசித்துச் செய்தார்களோ, நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள். சங்கரன்கோவில் பெண் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறும்போது, "வெளாட்ட விட்றாதீங்கக்கா," என்றாள். பையை வாங்கிப் படியில் ஏற்றிவிட்டேன்.

அடுத்த சபைக்கு நான் மட்டும்தான் போனேன். அன்று வார லீவு என்பதால் வீட்டுக்காரரும் வந்து, நண்பர்களோடு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பூங்காவைப் பற்றிப் பேச்சு வந்தது. இடம் கொடுத்த பஞ்சாயத்துக்கும் கல் பதித்த கம்பெனிக்கும் நன்றி சொல்லித் தீர்மானம் போடப் போனார்கள். எழுந்து நின்றேன். ஒரு பாதியில் கல்லை எடுத்து மண்களமாக விட வேண்டும், வேலை முடிந்து வருகிற நேரத்தில் திறந்திருக்க வேண்டும் என்றேன்.

தலைவியின் வீட்டுக்காரர் மைக்கை வாயருகே கொண்டுபோனார். கோபப்படவே இல்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

"ஏம்மா, அந்தப் பொண்ணுங்கதான் ஊருக்குப் போயிடிச்சிங்களே. இன்னும் யாருக்கும்மா கேக்கற?"

"எனக்குத்தான்," என்றேன். "நான் கபடி ஆடணும்."

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. பிறகு மேடையில் ஒருவர் சிரித்தார். அது அப்படியே பரவிச் சபை முழுக்கச் சிரித்தது. தலைவியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் பக்கத்திலிருந்தவர் தோளில் கை போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஒக்காரும்மா, ஒக்காரு," என்றார் தலைவியின் வீட்டுக்காரர் மைக்கில்.

நான் உட்காரவில்லை.