ஞாயிற்றுக்கிழமை அடோபோ

நான் கப்பலில் சமையல்காரன். எந்த நாட்டுக்காரன் வந்து உட்கார்ந்தாலும் அவன் வீட்டு அடுப்படியை ஞாபகப்படுத்துகிற ஏதாவது ஒன்றை என்னால் தட்டில் வைத்துவிட முடியும். தற்பெருமை என்றால் தற்பெருமைதான், இருந்துவிட்டுப் போகட்டும். உக்ரைன்காரர்களுக்கு பீட்ரூட் போட்ட சிவப்பு சூப், அதன் தலையில் ஒரு கரண்டி புளித்த க்ரீம். பிரேசிலில் லாரி டிரைவர்கள் சாப்பிடும் கடை ஒன்றில் பார்த்துக் கற்றுக்கொண்ட கறுப்புப் பயறும் பன்றிக்கறியும். கொரியாவில் மீன் சந்தைக்காரி ஒருத்தி கேட்காமலே என் வாயில் திணித்த முட்டைக்கோஸ் ஊறுகாய். கண்ணில் தண்ணீர் கொட்டியது, அங்கேயே ஒரு வாளி வாங்கிவிட்டேன்.

பிலிப்பைன்ஸ்காரர்களுக்கு அடோபோ. கோழியை வினிகரிலும் சோயா சாஸிலும் போட்டு, பூண்டு, மிளகு, பிரிஞ்சி இலை சேர்த்து, குழம்பு கோழி மேலேயே ஒட்டும் வரை சுண்ட விட வேண்டும். எங்கள் போசன், அதாவது மேல்தளத்து மாலுமிகளுக்குத் தலைவர், பிலிப்பைன்ஸ்காரர். என் அடோபோவைச் சாப்பிட்டு முடித்ததும், "எங்க அம்மா செய்வதில் பாதிதான்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் தட்டை நீட்டுவார். ஏழு வருடமாக அதே பாட்டு.

இத்தனை பேர் சாப்பிட்ட என் கைச் சமையலை போன வருடம் வரை வாயில் வைக்காத ஆள் ஒருத்தி இருந்தாள். என் மனைவி. கல்யாணமாகிப் பதினெட்டு வருடம். விடுமுறையில் வந்து அடுப்படிப் பக்கம் ஒரு அடி வைத்தால் போதும், கரண்டியை ஓங்கிக்கொண்டு வருவாள். "ஊரு ஊரா ஆக்கிப் போடுதியல்லா, நல்லாருங்க. இங்கன வந்து உக்காந்து திங்கணும், அவ்வளவுதான்." நானும் உட்கார்ந்து தின்பேன். அவள் வைக்கும் விளைமீன் குழம்பைச் சாப்பிட்டால் எனக்கே என் வேலை மேல் சந்தேகம் வந்துவிடும். ஆனாலும் ஒரு ஆசை. ஒரே ஒரு தடவை அவள் நான் சமைத்ததைச் சாப்பிட வேண்டும். சாப்பிட்டு நன்றாயிருக்கிறது என்று சொல்ல வேண்டும். ஊரெல்லாம் சொல்லியாயிற்று, இவள் சொல்லவில்லையே என்று மனசுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

போன வருடம் எங்கள் கப்பல் தூத்துக்குடிக்கே வந்தது. சொந்த ஊர்த் துறைமுகத்துக்குச் தான் வேலை பார்க்கும் கப்பலிலேயே வருவது எத்தனை பேருக்கு வாய்க்கும் சொல்லுங்கள்! முதல் நாளே எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. போசனையும் உக்ரைன் எஞ்சினியரையும் பிடித்து, "நாளைக்கு மதியம் எங்க வீட்டில் சாப்பாடு" என்று அறிவித்துவிட்டேன். "காலையில் கடலில் கிடந்த மீன் மதியம் சட்டியில் கொதிக்கும், வந்து பாருங்கள்" என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அன்று ஏதோ ஒரு பிசாசு என் வாயில் புகுந்திருந்தது.

விடியற்காலையில் கப்பலைத் துறையில் கட்டினார்கள். கன்டெய்னர் ஏற்றும் பெட்டிக் கப்பல், சாயங்காலமே கிளம்பிவிடும். எங்களுக்கு நாலு மணி வரை வெளியே போக அனுமதி. கப்பல் ஆட்களின் மதியச் சாப்பாட்டை இருட்டிலேயே ஆக்கி மெஸ்காரனிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு போன் போட்டேன்.

"ஏளா, ரெண்டு பேரைக் கூட்டிட்டு வாரேன். விளைமீன் குழம்பு வச்சிரு. பச்சை மீனா வாங்கு."

"இன்னைக்கு என்ன கிழமை?" என்றாள்.

"ஞாயிறு. ஏன்?"

"ஏனா? சேசு மரி சூசை! ஞாயித்துக்கிழமை எவன் கடலுக்குப் போவான்?"

எங்கள் கரையில் ஞாயிற்றுக்கிழமை ஒரு வள்ளமும் கடலில் இறங்காது. மாதா கோயிலில் பூசைக்குப் போவார்கள், வலை காயும். இதைத் தெரியாமலா நான் இந்த ஊரில் பிறந்தேன்? ஞாயிறு என்பது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அது கப்பல் ஞாயிறு. கப்பலில் ஞாயிறு என்றால் பொரித்த கோழி, ஐஸ்கிரீம். இருபது வருடமாக ஐஸ்கிரீமை வைத்தே ஞாயிறை அடையாளம் கண்டு பழகிய மண்டைக்கு, ஊர் ஞாயிறு மறந்தே போயிருந்தது.

வீட்டு வாசலில் நின்றவள் விருந்தாளிகளைப் பார்த்துச் சிரித்தாள், என்னைப் பார்த்து முறைத்தாள். இரண்டையும் ஒரே முகத்தில் செய்தாள். என்னை மட்டும் அடுப்படிக்குள் இழுத்துப் போனாள்.

"சந்தைக்குப் போய்ப் பாத்துட்டு வந்தேன். எல்லாம் முந்தாநாத்து ஐஸ் மீன். அதைக் குழம்பு வச்சு வெள்ளக்காரன் முன்னால வைக்கச் சொல்லுதியளா? என் மானம் போயிரும்."

"அப்போ என்ன செய்ய?"

"மாசிக் கருவாடு கிடக்கு. தேங்காப்பால் சொதி வைக்கேன், இடியாப்பம் அவிக்கேன், மாசிச் சம்பல் அரைக்கேன். கறிக்கு…" நிறுத்தினாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரு அடுப்பில் இருந்த பால் சட்டியை இறக்கினாள். "கறிக்கு நீங்க ஏதாவது பண்ணுங்க. அந்த அடுப்பு ஒங்களுக்கு. இந்தப் பக்கம் வரப்பிடாது."

பதினெட்டு வருடத்தில் முதல் தடவை! எனக்கு விசில் அடிக்க வேண்டும்போல் இருந்தது. கோழிக்கடைக்கு ஓடினேன். கப்பலிலிருந்து ஒரு பூண்டுப் பல்லைக்கூட வெளியே கொண்டுவர சுங்கக்காரர்கள் விடமாட்டார்கள், அதனால் வினிகரும் சோயா சாஸும் தேட வேண்டியதாயிற்று. வினிகர் பலசரக்குக் கடையில் கிடைத்தது. சோயா சாஸுக்கு ஃப்ரைட் ரைஸ் கடை அண்ணாச்சியை வீட்டுக்கே போய் எழுப்பினேன். "ஏலே, கப்பல்ல இருந்து வந்தும் என் சரக்குதான் வேணுமா ஒனக்கு?" என்று சிரித்துக்கொண்டே பாதி பாட்டில் ஊற்றித் தந்தார்.

அவள் ஒரு அடுப்பில், நான் ஒரு அடுப்பில். முழங்கை முழங்கையோடு இடித்தது. நான் வினிகரை ஊற்றியதும் குப்பென்று வாடை கிளம்பியது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதைத் தின்னா மனுசன் உயிரோட இருப்பானா?" என்றாள். "கிளற உன் கை துடிக்குது பாரு" என்றேன். உண்மையிலேயே என் சட்டியைக் கிளற இரண்டு தடவை கரண்டியை நீட்டினாள். வினிகர் ஊற்றியபின் கொதி வரும் வரை கரண்டி போடக் கூடாது. இரண்டு தடவையும் தட்டிவிட்டேன். பதினெட்டு வருடக் கணக்கைத் தீர்த்த மாதிரி என்ன ஒரு சந்தோஷம்!

வெளியே எஞ்சினியர் மாசிக்கருவாட்டுத் துண்டைக் கையில் எடுத்து மேஜையில் தட்டிப் பார்த்தார். டொக் டொக் என்றது. இது விறகா, சாப்பாடா என்று கேட்டார். அதை அவள் இடித்துத் தேங்காயும் வத்தலும் சேர்த்துச் சம்பலாக அரைத்து வைத்தபின், இடியாப்பத்தை மறந்துவிட்டு விறகை மட்டுமே தின்றார். போசன் சொதியைக் கிண்ணத்தோடு குடித்தார். பிறகு என் அடோபோ. ஒரு வாய் வைத்தார், கண்ணை மூடினார். "எங்க அம்மா செய்வதில் முக்கால்" என்றார். ஏழு வருடத்தில் கால் பங்கு ஏறியிருக்கிறேன்! எழுந்து ஆடாத குறை.

ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது அவளை. அவள் உட்காரவே இல்லை. வந்தவர்கள் எழுந்த பிறகுதான் அவள் தட்டு எடுப்பாள், அதுதான் அவள் வழக்கம். பரிமாறினாள், மறுபடியும் வைத்தாள், வேண்டாம் வேண்டாம் என்ற எஞ்சினியரின் தட்டில் சம்பலைக் கொட்டினாள். "நீயும் ஒரு வாய் வச்சுப் பாரேன்" என்று நான் இரண்டு தடவை கெஞ்சினேன். "பொறவு பாக்கலாம்" என்றாள். மூன்றேகாலுக்குக் கார்க்காரன் ஹாரன் அடித்தான். சட்டியில் நாலைந்து துண்டு கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே செருப்பை மாட்டினேன். அழுகை வருகிற மாதிரி இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இவ்வளவு பக்கத்தில் வந்தும் அவள் சாப்பிடுவதைப் பார்க்காமல் போகிறேனே என்று வழியெல்லாம் அந்தச் சட்டியையே நினைத்துக்கொண்டு வந்தேன். போசன் மட்டும் சொதி, சொதி என்று பாடிக்கொண்டே வந்தார்.

சாயங்காலம் கப்பல் கிளம்பியது. அரிசியை அடுப்பில் ஏற்றிவிட்டு மேல்தளத்துக்கு வந்து நின்றேன். முயல் தீவு தாண்டினால் கொஞ்ச நேரத்தில் சிக்னல் போய்விடும். அப்போதுதான் போன் அடித்தது.

"உப்பு கம்மி" என்றாள். வணக்கம் கிடையாது, ஒன்றும் கிடையாது.

"சாப்பிட்டியா?"

"சட்டிய வழிச்சிட்டேன். இடியாப்பத்துக்கு நல்லா ஒட்டுது. வினிகர் எத்தனை கரண்டி விட்டிய? எழுதுதேன், சொல்லுங்க."

அவள் எழுதுகிறாளாம்! உப்பைக்கூடக் கண்ணால் அளந்து போடுகிறவள் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாள். மத்தியானம் குத்துமதிப்பாக ஊற்றியது எவ்வளவு என்று நினைவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே அளவு கப்பல் அளவு.

"ஏளா, எனக்கு இருபத்திரண்டு பேருக்குத்தான் கணக்கு தெரியும்."

"அதையே சொல்லுங்க. தெருவுல ஆளா இல்ல?"

கோழி பத்துக் கிலோ என்று ஆரம்பித்தேன். சிக்னல் விட்டு விட்டு வந்தது, நான் கத்திக் கத்திச் சொன்னேன். கடைசியாக, "பிரிஞ்சி இலை எத்தனை?" என்று அவள் கேட்டது காதில் விழுந்தது, "பன்னிரண்டு!" என்று கரையைப் பார்த்துக் கூவினேன். அன்று கப்பலில் சோறு அடிப்பிடித்தது.