கழற்சிப் புதருக்குள் இருந்த கல்

மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் பதினாறு வருடமாகக் குளியலறைகளைக் கழுவுகிற ஜெசிந்தா அத்தையின் வீட்டில் குளியலறை இல்லை. பின்பக்கம் ஒரு தார்ப்பாய் மறைப்புதான். எதிர்வீட்டில் இருக்கும் எங்களுக்கும் அதுதான். விடிவதற்குள் குளித்துவிட வேண்டும்.

போன வருடம் அத்தை செங்கல் இறக்கினார். உடனே பக்கத்து மனைக்காரர் தீனதயாளன் வந்து நின்றார்.

"இன்னாம்மா, என் எடத்துல கட்டினுகீற? அந்த நாலடி எனுது."

"உனுதுன்னா எல்லக் கல்லக் காட்டு அண்ணாத்த."

"எந்தக் கல்லு? அதெல்லாம் எப்பவோ பூட்ச்சி."

அத்தையின் அப்பாவும் அம்மாவும் பிறர் வயலில் நாற்று நட்டவர்கள். அரசு கொடுத்த இந்த இரண்டு சென்ட்தான் அவர்கள் குடும்பத்தின் முதல் மண். அதில் நாலடி போனால் குளியலறைக்கு இடமே இல்லை.

சர்வேயர் வந்தார். எந்தக் கல்லிலிருந்து அளப்பது? எங்கள் தெருவில் எல்லைக்கல் எல்லாம் துவைக்கிற கல்லாகிவிட்டது. அத்தையே முன்மூலைக் கல்லைப் பிடுங்கித்தான் துவைத்துக்கொண்டிருந்தார். சர்வேயர் தலையில் அடித்துக்கொண்டார்.

மிச்சம் இருந்தது பின்மூலை. அங்கே கழற்சிப் புதர்.

கழற்சி கடலோர மணலில் தானாகப் படரும் முள்கொடி. அதன் கொட்டையைக் கல்லில் தேய்த்தால் நெருப்பாகச் சுடும். எட்டு வயதில் அப்படித் தேய்த்து, குனிந்து துவைத்துக்கொண்டிருந்த அத்தையின் கழுத்தில் வைத்தேன். அலறிப் பிடுங்கிப் பின்பக்கம் எறிந்தார். ஓடு தேய்ந்த கொட்டை மழையில் முளைத்து முருங்கைமேல் ஏறிவிட்டது. எல்லோரும் வெட்டச் சொன்னார்கள். "ஆடு வராம காவல் காக்குது, கெடக்கட்டும்" என்றார் அத்தை.

சர்வேயர் வந்த அன்று அவரே அரிவாளோடு புதருக்குள் புகுந்தார். ஓட்டல் சீருடை கிழிந்தது. கையெல்லாம் ரத்தம். அவர் வெட்ட வெட்ட நான் இழுத்துப் போட்டேன். வேரடியில், அம்புக்குறி செதுக்கிய எல்லைக்கல் அசையாமல் நின்றது.

சர்வேயர் டேப்பை இழுத்துப் பிடித்தார். நாலடியும் அத்தையுடையது.

தீனதயாளன் கல்லையே பார்த்தார். "முள்ளு மட்டும் இல்லாங்காட்டி இதையும் என் வூட்டுக்காரி தொவைக்கத் தூக்கினு வந்திருப்பா" என்று சிரித்துவிட்டார்.

அத்தை என் தலையில் குட்டினார். "சூடு வெச்சவளே, தழும்பு இன்னும் கீதுடி." சொல்லும்போதே அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

என் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்கு முன்பே குளியலறை எழுந்தது. வெட்டிய கழற்சி மறுபடி தளிர்த்துப் புதுச் சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கதவுப் பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்றை அத்தை என்னிடம் கொடுத்தார். இப்போதெல்லாம் நான் வெயில் வந்த பிறகுதான் குளிக்கிறேன்.