சபைக் கடிதமும் ஊற்றுமேட்டுக் காடும்

சட்டசபைக் கூட்டம் முடிந்ததும் எங்கள் தொகுதி அங்கத்தினர் ஒரு கடிதம் அச்சடித்து ஊர் ஊராக அனுப்புவார். இரண்டு தாள். முதல் தாளில் சபையில் அவர் பேசியதும், கேட்ட கேள்வியும், மந்திரி சொன்ன பதிலும் இருக்கும். இரண்டாம் தாளில் வட்டாரச் செய்திகள்: எங்கே கிணறு வெட்டினார்கள், எந்தச் சந்தைக்குப் புதுக் கொட்டகை வந்தது, எந்த ஊர்த் திருவிழாவுக்கு அவர் போயிருந்தார். மலையடிவாரத்தில் காளப்பநாயக்கன்பட்டி வரை அது தபாலில் வரும். அதற்கு மேல் மிளகு வாங்க மலையேறும் ராவுத்தர் தம் பையில் போட்டுக்கொண்டு வருவார். மலைமேல் எங்கள் குண்டூர் நாட்டில் அதைச் சந்தையன்று சத்தமாகப் படிப்பது என் வேலையாகிவிட்டது.

நான் அப்போது ஜில்லா போர்டு மருத்துவச்சி. சென்னையில் பிரசவம் பார்க்கப் பயின்று, தேறியவுடன் மலைக்கு அனுப்பப்பட்டவள். எதையும் பட்டியல் போட்டால்தான் எனக்கு மனம் நிற்கும். கர்ப்பிணிகளுக்கு ஒரு பக்கம், காய்ச்சல் கண்ட வீடுகளுக்கு ஒரு பக்கம், கொயினா மாத்திரை இருப்புக்கு ஒரு பக்கம். மலையில் இந்தப் பழக்கம் யாருக்கும் பிடிக்கவில்லை. அவர்கள் அப்பன் காலத்தில் யாரோ வந்து வீடு வீடாகப் பெயர் எழுதிக்கொண்டு போனார்களாம். அடுத்த வருஷம் காட்டிலாகா எல்லைக்கல் வந்து இறங்கியதாம். நான் பென்சிலை எடுத்தால் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

அந்தச் சித்திரையில் வந்த கடிதத்தையும் சந்தையில் பலா மரத்தடியில் நின்று படித்தேன். மலைக்கு ரோடு வேண்டுமென்று அங்கத்தினர் இருமுறை எழுந்து பேசியிருந்தார்.

"எந்திரிச்சுப் பேசுனாருங்களா!" என்றார் ஒரு வாழைக்காய்க்காரர். "ஓட்டுக் கேக்க வந்தப்ப டோலில தூக்கிட்டு வந்தவன் நானுங்க. மலை எறங்குற வரைக்கும் ஒருக்காக்கூட எந்திரிக்கலீங்க."

"தோளு இன்னும் வலிக்குதா?" என்று ஊர்க்கவுண்டர் கேட்டார்.

"ரோடு வந்தாத்தான் வலி போகுமுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே இரண்டாம் தாளைத் திருப்பினேன். நான்காவது செய்தி இது: "குண்டூர் நாட்டில் ஊற்றுக்கு மேற்புறம் சமதளமாகவும் பயிரின்றியும் சும்மா கிடக்கும் தரிசு நிலத்தில் மருந்துக் கொட்டகை கட்ட ஊரார் மனமுவந்து சம்மதித்துள்ளனர். ரெவினியூ அதிகாரி விரைவில் அளந்து எடுத்துக்கொள்வார்."

சிரிப்பு நின்றுவிட்டது. அந்த இடத்தை எல்லாரும் ஊற்றுமேட்டுக் காடு என்பார்கள். மலையில் காடு என்றால் புன்செய் வயல்; அது ஒரு குடும்பத்துடையது. புருஷன், பெண்டாட்டி, புருஷனின் தாய் என்று மூன்று பேர். அந்தப் பெண்டாட்டி என் பட்டியலில் ஆறாம் மாதம். அவளும் கூட்டத்தில் நின்றிருந்தாள்.

"யாரு சம்மதிச்சது?" என்று மாமியார்க்காரி கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. ஊர்க்கவுண்டர் ராவுத்தரைப் பார்த்தார். ராவுத்தர் கடிதத்தைப் பார்த்தார். மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

அன்று முதல் என்னைக் கண்டால் வீடுகளில் படல் சாத்தினார்கள். எனக்குக் கோபம்கூட வந்தது. நான் வெறுமனே படித்தவள்தானே? யார் எழுதிப் போட்டிருப்பார்கள் என்று நானும் கணக்கிட ஆரம்பித்தேன். முதல் சந்தேகம் ஊர்க்கவுண்டர் மேல். அங்கத்தினர் வந்தபோது அவர் வீட்டில்தான் சாப்பிட்டார். அடுத்தது ராவுத்தர், கீழே ஆபீஸ்களில் அவருக்குப் பழக்கம் உண்டு. மூன்றாவது ஊற்றுமேட்டுப் புருஷனின் பங்காளி. போன வருஷம் வரப்புத் தகராறு.

ராவுத்தரிடம் நேரே கேட்டேன். அவர் தராசை இறக்கி வைத்தார்.

"அம்மா, நான் மிளகு வாங்குறவன். காடு வாங்குறவன் இல்லே. காட்டைப் புடுங்கிட்டா மிளகை யாருகிட்ட வாங்குவேன்? என்னைப் பார்த்தா மூளை இல்லாதவன் மாதிரியா தெரியுது?"

"கோபப்படாதீங்க. கேட்டுத் தெரிஞ்சுக்கத்தான்."

"கேளுங்க. ஆனா கடிதாசி எழுதுற கை இந்த மலையிலே எத்தனை இருக்குன்னு எண்ணிப் பாருங்க."

எண்ணிப் பார்த்தேன். ராவுத்தருடையது தராசுக் கணக்கு மட்டும். ஊர்க்கவுண்டர் கைநாட்டு. பங்காளியும் அப்படித்தான். அதற்குப் பிறகு என்னுடையதுதான் மிச்சம்.

நான் அனுப்பும் ஒவ்வொரு கடிதத்துக்கும் நகல் எடுத்து வைப்பவள். மாசி மாதக் கட்டைப் பிரித்தேன். அங்கத்தினரின் குமாஸ்தா, மருந்துக் கொட்டகைக்குத் தகுந்த இடம் உண்டா என்று கேட்டிருந்தார். கொட்டகை இல்லாமல் மாட்டுத் தொழுவத்தில் பிரசவம் பார்த்துச் சலித்திருந்த நான் அன்றே பதில் எழுதியிருக்கிறேன். மூன்று இடங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து குறிப்பு: சமதளம், தண்ணீர், பாதை, வெள்ள பயம், தற்போதைய பயிர். முதல் இடம் ஊற்றுக்கு மேற்புறம். கடைசிக் குறிப்பில், "பயிரின்றிச் சும்மா கிடக்கிறது" என்று என் கையெழுத்து. 'தரிசு' என்பதையும் 'மனமுவந்து சம்மதித்துள்ளனர்' என்பதையும் குமாஸ்தா சேர்த்திருந்தார். மற்றவையெல்லாம் வரிசை மாறாமல் என்னுடையவை.

தாளைக் கிழித்துவிடலாம் என்று தோன்றியது உண்மை. யாருக்கும் தெரிந்திருக்காது. இரண்டு நாள் அதை மருந்துப் பெட்டியின் அடியில் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் எடுத்துக்கொண்டு ஊற்றுமேட்டு வீட்டுக்குப் போனேன்.

அந்தப் பெண் முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன். மாசியில் இரண்டு முறை அந்தப் பக்கம் போனேன், இரண்டு முறையும் புல்தான் இருந்தது, உழவுச் சுவடே இல்லை, அதனால் எழுதினேன் என்றேன்.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "வழியில முள்ளு வெட்டிப் போட்டிருந்துதுங்களா?"

"இருந்தது. ஆடு மாடு நுழையாமல் இருக்க என்று நினைத்து ஒதுக்கிவிட்டுப் போனேன்."

"ஆடு மாடு மட்டுமில்லீங்க, ஆளும் நொழையக் கூடாதுன்னுதான். காட்டை ஓயப் போட்டிருக்கறமுங்க. மூணு வருசம் வெதைச்சா மூணு வருசம் ஓய விடோணும். இல்லாட்டி மலை மண்ணு தாங்காது. இது ரெண்டாம் வருசம்."

"எனக்கு அது தெரியாமல் போய்விட்டது."

"படுத்திருக்கற மாட்டைப் பாத்துச் செத்துப்போச்சுன்னு எழுதிப் போட்டீங்களேங்க," என்றாள் அவள். "எழுப்பிப் பாத்திருக்கலாமில்ல? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

கையில் இருந்த நகலைப் பார்த்தேன். கேட்பதற்கான குறிப்பு என் ஐந்தில் இல்லை. யாருடைய நிலம் என்றுகூட நான் எழுதியிருக்கவில்லை.

அன்று மாலை ஊர்க்கவுண்டர் வீட்டு வாசலில் ஏழெட்டுப் பேர் கூடினார்கள். நான் தவறைச் சொன்னேன். திருத்தம் எழுதி அங்கத்தினருக்கும் ரெவினியூ ஆபீசுக்கும் அனுப்புகிறேன் என்றேன்.

"வேண்டாமுங்க," என்றார் ஊர்க்கவுண்டர். "ஒரு கடுதாசிக்கு ஒரு காடு போச்சு. இன்னொண்ணு போட்டீங்கன்னா மிச்சமும் போயிரும்."

"எழுதாவிட்டால் அளக்க வந்துவிடுவார்களே."

"வரட்டுமுங்க. வர்றப்ப சும்மா கெடந்தாத்தானே எடுப்பாங்க?" என்றான் புருஷன். தாயைப் பார்த்தான். "ஓட்டிப் போடலாம். வெதைச்சிரலாம்."

தாய், "ஒரு வருசம் ஓய்வு போச்சு," என்று மட்டும் சொன்னாள். சாவு வீட்டில் சொல்வது போலச் சொன்னாள்.

நான் திருத்தத்தை எழுதி அனுப்பத்தான் செய்தேன். பதில் வரவில்லை. வைகாசியில் முதல் மழைக்கு அவர்கள் வழியில் கிடந்த முள்ளை விலக்கிவிட்டு ஏர் பூட்டினார்கள். பக்கத்துக் காட்டுக்காரர்களும் வந்து உழுதார்கள். வரப்புத் தகராறு செய்த பங்காளியும் தன் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தான். நான் சந்தேகப்பட்டவர்களில் ஒருவன் என்பதால் அவன் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. நானும் மண்கட்டி உடைக்கப் போனேன். யாரும் போ என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

ஆனி மாதம் ரெவினியூ அதிகாரி அளவுச் சங்கிலி தூக்கும் ஆட்களோடு சேந்தமங்கலத்திலிருந்து மலையேறி வந்தார். சாமை கணுக்கால் உயரம் நின்றது. அவர் வரப்பில் நின்று கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தார், காட்டைப் பார்த்தார்.

"தரிசுன்னு எழுதினது யாரு?"

"நான்தான். தவறு என்று திருத்தமும் அனுப்பினேன்."

"நர்சம்மாவுக்குப் பச்சை நிறம் தெரியாதோ?" என்று சொல்லிச் சங்கிலிக்காரர்களைப் பார்த்துச் சிரித்தார். அவர்களும் சிரித்து வைத்தார்கள். என் திருத்தம் அவர் கைக்கு வந்துசேரவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அவர் காகிதத்தில் இருந்த என் பட்டியலில் முதல் இடத்தை அடித்துவிட்டு இரண்டாம் இடத்தைக் கேட்டார்.

"அது சாமி எடமுங்க," என்றார் ஊர்க்கவுண்டர்.

"மூணாவது?"

"அதுவும் சாமி எடமுங்க."

"அந்தப் பாறைக்குக் கீழே?"

"அங்க சாமி இல்லீங்க. ஆனா சாமி நடக்கற வழிங்க."

பொழுது சாய்வதற்குள் குண்டூர் நாட்டில் சமதளமாக இருந்த இடமெல்லாம் தெய்வங்களுக்குப் போய்விட்டது. இரண்டாம் இடத்தில் நான் வாரா வாரம் கொயினா கொடுக்கிறேன். சாமிக்கென்று ஒரு கல்கூட அங்கே யாரும் நட்டு வைத்ததில்லை. அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

"நீங்க படிச்சவங்க. நிஜமா சொல்லுங்க. இதெல்லாம் கோயில் நிலமா?"

ஊற்றுமேட்டுப் பெண் வயிற்றில் கை வைத்தபடி வரப்பில் நின்றிருந்தாள். எனக்குக் கொட்டகை வேண்டும். கூரையும் கதவும் உள்ள, சாணி நாற்றம் இல்லாத ஓர் அறை வேண்டும். போன ஐப்பசியில் தொழுவத்தில் ஒரு தாயை ஜன்னி கண்டு இழந்தேன்.

"எனக்குத் தெரியாது. நான் வெளியூர்," என்றேன்.

அவர் ஏதோ எழுதிக்கொண்டு இறங்கிப் போனார். மருந்துக் கொட்டகை வரவில்லை. இதை எழுதும் இன்றுவரை வரவில்லை. நான் அன்று சொன்னது சரியா என்று இப்போதும் எனக்கு உறுதியாகத் தெரியாது.

ஆடி மாதம் ஒரு பிற்பகல், சாரல் மழையில், ஊற்றுமேட்டு மாமியார்க்காரி என்னைக் கூப்பிட வந்தாள். "வலி கண்டிருச்சுங்க. வாங்க." வழக்கமாகக் கூப்பிட வந்தவர்கள் முன்னால் நடப்பார்கள். அவள் என்னை முன்னால் விட்டுப் பின்னால் வந்தாள். வழியில் நான் நின்று செடி கொடியைப் பார்த்தால், என் பார்வை போன பக்கம் பார்த்தபடி அவளும் நின்றாள்.

தொழுவத்தைக் கழுவச் சொல்லி, வெந்நீர் போடச் சொன்னேன். அதிகச் சிரமமில்லை. விளக்கு வைப்பதற்குள் பெண் குழந்தை பிறந்தது. தொப்புள் கொடியைக் கட்டிய பிறகு அந்தப் பெண் கண்ணைத் திறந்து, "இதையும் எழுதுவீங்களா?" என்று கேட்டாள்.

"எழுதியாக வேண்டும். பிறப்பை எழுதுவது என் கடமை."

அவள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் விளக்கை என் பக்கம் நகர்த்தினாள்.

"எழுதுங்க கண்ணு. எழுதி முடிச்சுட்டுச் சத்தமாப் படிங்க."

எழுதினேன். படித்தேன். நாள், நேரம், பெண் குழந்தை, எடை, தாய் நலம்.

"காடுன்னு எங்கியாச்சும் இருக்குதுங்களா?"

"இல்லைங்க."

"ஊத்துன்னு?"

"இல்லைங்க."

அவள் காகிதத்தை வாங்கி, எழுத்துத் தெரியாத கண்ணால் மேலிருந்து கீழ் வரை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இன்னொருக்காப் படிங்க," என்றாள்.