மிளகாய்த் தந்தியும் மீனம் முப்பத்தொன்றும்

ரகசியம் காப்பது எனக்குப் பெரிய காரியமில்லை. கூச்சக்காரன் வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும். ஆனால் எழுபதுகளில் மலையாள நாட்டு ஆரியசாலையில் ஒரு வற்றல் மிளகாய் மொத்தக் கடையில் எழுத்து வேலை பார்த்தேன். அங்கே என் முதலாளி ரகசியம் காத்த முறை இருக்கிறதே, அதை இன்று நினைத்தாலும் தலை வலிக்கிறது.

எங்களுக்கு விருதுநகர் மண்டி ஒன்றிலிருந்து சரக்கு வரும். எத்தனை மூட்டை வேண்டும் என்று தந்தி அடிப்போம். பக்கத்துக் கடைக்காரரும் அதே மண்டியில்தான் வாங்கினார். நாங்கள் எவ்வளவு இறக்குகிறோம் என்று தெரிந்தால் அவர் முந்திக்கொண்டு விலையைக் குறைப்பார். தந்தி ஆபீஸில் அவருக்கு ஆள் இருப்பதாக முதலாளி உறுதியாக நம்பினார்.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார். மூட்டை எண்ணிக்கையோடு அன்றைய தேதியைக் கூட்டி அனுப்ப வேண்டும். மண்டியில் தேதியைக் கழித்துக்கொள்வார்கள். இங்கிலீஷ் தேதி கூடாது. அது தந்தித் தாளிலேயே இருக்கும். பூட்டோடு சாவியையும் கட்டி அனுப்பின மாதிரி ஆகிவிடும். ஆகவே பஞ்சாங்கத் தேதி. தந்தியில் எண்கள் மாறி வருவதும் உண்டு என்பதால், இலக்கங்களைக் கூட்டி வரும் எண்ணையும் கடைசியில் சேர்க்க வேண்டும். ஐம்பத்தேழு என்றால் பக்கத்தில் பன்னிரண்டு. வழியில் ஒரு இலக்கம் மாறினால் கூட்டல் உதைக்கும்.

விஷுவுக்கு முந்தின நாள் நாற்பது மூட்டைக்குத் தந்தி கொடுக்கச் சொன்னார். சுவர்க் காலண்டரில் மலையாள மாதம் மீனம் முப்பத்தொன்று. எழுபத்தொன்று, எட்டு என்று எழுதி அனுப்பினேன். விஷு கழிந்த மறுநாள் லாரியில் எழுபது மூட்டை வந்து இறங்கியது.

குடோனில் இடமில்லை. மிச்ச முப்பது மூட்டையும் கடை வாசலிலும் என் மேஜையைச் சுற்றிலும் ஏறின. நாள் முழுக்கத் தும்மல். தெருவில் போனவர்கள் நின்று எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார்கள். இத்தனை பாடுபட்டு மறைத்தது வாசலில் அடுக்கி வைத்திருந்தது.

முதலாளி விருதுநகருக்குப் போன் போட்டார். எழுபத்தொன்று, எட்டு என்றுதான் வந்தது, கூட்டல் சரி, தங்கள் பக்கம் தப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள். இவர் சொன்ன முறையும் சரி, அவர்கள் கழித்ததும் சரி என்றால் நடுவில் இருந்த நான்தானே தப்பு? சனிக்கிழமைக்குள் காரணம் காட்டாவிட்டால் ஊருக்கு வண்டி ஏறலாம் என்றார். எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். கிள்ளிப்பாலத்தில் அப்போதுதான் வீடு பிடித்திருந்தேன்.

நாற்பதையும் முப்பத்தொன்றையும் எத்தனை முறை கூட்டினேன் என்று எனக்கே தெரியாது. ஏழும் ஒன்றும் எட்டுதான். அந்த எட்டின் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. எண் வழியில் மாறவில்லை என்பதை மட்டும் அது சொல்லும். அந்தப் பக்கம் உட்கார்ந்து கழித்தவர் எதைக் கழித்தார் என்று சொல்லாது.

வெள்ளிக்கிழமை, லாரியோடு வந்த பில்லை எடுத்துப் பார்த்தேன். மேலே சித்திரை இரண்டு என்று எழுதி, பக்கத்தில் இங்கிலீஷ் தேதியும் போட்டிருந்தது. அது விஷு நாள். எங்கள் மலையாளக் கணக்கில் மேட மாதம் ஒன்று. அப்படியானால் நான் தந்தி கொடுத்த அன்று விருதுநகரில் சித்திரை ஒன்று. முப்பத்தொன்றைக் கழிப்பதற்குப் பதில் ஒன்றைக் கழித்திருக்கிறார்கள். மாதப்பிறப்பை இந்த ஊரில் ஒரு விதமாகவும் அங்கே வேறு விதமாகவும் கணிக்கிறார்கள். சில மாதம் ஒத்துப்போகும், சில மாதம் ஒரு நாள் தள்ளிப்போகும். இடையிடையே ஒரு மூட்டை குறைந்து வந்ததும், அதற்கு லாரி கிளீனர் ஏச்சு வாங்கியதும் இதனால்தான்.

பில்லைக் கையில் வைத்துக்கொண்டு முதலாளி முன்னால் வெகுநேரம் நின்றேன்.

“என்னடே, தூணு மாதிரி நிக்க?”

“முதலாளி, நமக்கு மீனம் முப்பத்தொண்ணு. அன்னைக்கு அங்க சித்திரை ஒண்ணு.”

“எடே, சூரியன் ஒண்ணுதானே? விருதுநகருக்கு மட்டும் ஒரு நாள் முன்னாடி உதிக்குமாக்கும்?”

பில்லை நீட்டினேன். காலண்டரையும் பில்லையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பின்னே இத நேரத்தே பறயண்டாமாடே? வாயில என்ன, கொழுக்கட்டையா?”

வேலை தப்பியது. மன்னிப்பு மாதிரி ஒரு வார்த்தைகூட இல்லை. இரண்டு பேரும் ஒரே காலண்டர் வைத்துக்கொள்ளலாமே என்று மெல்லச் சொன்னேன். இந்த ஊரில் கடை வைத்துக்கொண்டு மலையாளத் தேதியை விட முடியாது என்றார் இவர். பரம்பரையாகத் தமிழ்த் தேதிதான் என்றது மண்டி. கடைசியில், தந்திக்கு முன்னால் நான் டிரங்க் கால் போட்டு அவர்கள் தேதியை மட்டும் கேட்க வேண்டும், எண்ணிக்கையை மூச்சுவிடக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. வாடிக்கையாளரிடமே குரல் எழும்பாத என்னிடம் இந்தப் பொறுப்பு.

முப்பது மூட்டையும் தீர்ந்த பிறகு முதல் கால். லைன் இரைந்தது. “அண்ணாச்சி, உங்களுக்கு இன்னைக்கு என்ன தேதி?” என்று மூன்று தடவை கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது. பிறகு லைனும் செத்துவிட்டது.

பக்கத்துக் கடைக்காரர் தட்டியைத் தாண்டித் தலையை நீட்டினார். “சித்திரை இருபத்திரெண்டு, தம்பி. தொண்டைய வீணாக்காத.”

அந்த இருபத்திரண்டைக் கூட்டித்தான் அன்றைய தந்தியை எழுதினேன்.