எழுதாமல் விட்ட முப்பத்தொரு நிமிடம்

பாங் மி-ரானை ஊரில் யாருக்கும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. சந்தையின் அந்தக் கோடியில் அவள் பேசினால் இந்தக் கோடியில் கேட்கும். பதினெட்டு வருடம் கருவாடு விற்ற வாய். பேச்சை நிறுத்தினால் ஆள் அடுத்த கடைக்கு நழுவிவிடுவார் என்பதால், மூச்சு வாங்குவதைக்கூட மீனின் பெருமைக்கு நடுவில் செருகப் பழகியவள். ஐம்பதைத் தொடும்போது இணையப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வேறு வாங்கினாள். காட்டுத்தீ மலையடிவாரத்து மூன்று கிராமங்களைத் தின்றுவிட்டுப் போன பிறகு, அரண்டுபோன பிள்ளைகளைப் பேசவைத்து மனச் சிகிச்சை தர ஆளில்லாமல் மாவட்டம் உள்ளூர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுக்க ஆரம்பித்தது. முதலில் பெயர் கொடுத்தது யார் என்று சொல்ல வேண்டுமா என்ன?

பயிற்சியில் ஒரு தண்டனை உண்டு. பிள்ளையும் வீட்டாரும் சம்மதித்தால் பேச்சைப் பதிவு செய்து, ஓர் எழுத்து விடாமல் தட்டச்சு செய்ய வேண்டும். ‘ம்’ என்றால் ‘ம்’. மௌனம் என்றால் எத்தனை விநாடி என்று. பயிற்சியாளர் பியோ சு-ஜின் இவளைவிடப் பதினாறு வயது சின்னவள். சிவப்புப் பேனாவோடுதான் வாசிப்பாள்.

“பாங் டீச்சர், நாப்பது நிமிஷத்துல பையன் பேசினது பதினோரு வரி. நீங்க ஒம்பது பக்கம்.”

“அவன் சும்மா உக்காந்திருந்தா எனக்கு வயித்தப் பிசையுதுங்க.”

“பிசையட்டும். அது உங்க வயிறு. அவன் வாயத் திறக்கறதுக்குள்ள நீங்க கதவைச் சாத்திடறீங்க.”

பையன் காங்சான், வயது பதின்மூன்று. தீயில் வீடு போனது, நாயும் போனது. இறைச்சி சுடும் கடையில் நண்பர்கள் உட்கார்ந்தால், அந்தப் புகை வாடைக்கே இவன் தெருவில் ஓடிக்கொண்டிருப்பான். நகரத்திலிருந்து மூன்று ஆலோசகர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, முதலிலிருந்து சொல் என்று கேட்டு, மாற்றலாகிப் போயிருந்தார்கள். “நீங்க நாலாவது. அஞ்சாவது ஆள் வந்தா நான் கக்கூஸ்ல போய்ப் பூட்டிக்குவேன்” என்று முதல் நாளே அவன் அறிவித்துவிட்டான். சான்றிதழுக்குப் பத்துப் பதிவுகள் தேற வேண்டும். மி-ரானுக்கு ஒன்பது தேறியிருந்தது, அதுவும் தட்டுத்தடுமாறி. மாதக் கடைசிக்குள் பத்தாவது இல்லையென்றால் ஐந்தாவது ஆள் வந்துவிடுவார்.

அந்த மாதத்தின் கடைசி வியாழக்கிழமை மி-ரான் வாயைத் திறக்காமலிருக்க பார்லித் தேநீரை மூன்று கோப்பை குடித்தாள்.

“என்ன டீச்சர், பல்லு வலியா?”

“ம்ஹூம்.”

“வீட்டுக்காரரோட சண்டையா?”

“ம்ஹூம்.”

“அப்ப உடம்பு சரியில்ல. கண்டிப்பா சரியில்ல.”

அவள் சிரிப்பை விழுங்கினாள். கடிகாரம் ஓடியது. காங்சான் சட்டைத் தொப்பியின் கயிற்றை இழுத்தான், விட்டான். பிறகு பதிவுக் கருவியைக் காட்டி, “அத நிறுத்துங்க. எழுதவும் கூடாது” என்றான்.

பத்தாவது பதிவு அது. மி-ரான் நிறுத்தினாள்.

அவன் பேசினான். தீ வந்த நாளை, நாயைக் கட்டியிருந்த சங்கிலியை, முதன்முறையாக, முப்பத்தொரு நிமிடம். எழுதக் கூடாது என்றதால் அது இங்கேயும் இல்லை.

வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தாள். கருவாடு விற்ற வாய்க்கு முப்பத்தொரு நிமிடத்துக்குக் கதை கட்டிவிடுவது பெரிய காரியமா? ஒரு பக்கம் கட்டியும்விட்டாள். அதில் வந்த காங்சான் அழகாக அழுதான், ஒழுங்காக நன்றி சொன்னான். பார்க்கச் சகிக்கவில்லை. அழித்தாள்.

சு-ஜின் மறுநாள் இரண்டே பக்கத்தைப் புரட்டினாள்.

“மிச்சம்?”

“நிறுத்தச் சொன்னான், நிறுத்திட்டேன்.”

“என்ன சொன்னான்?”

ஊர்ச் செய்தியெல்லாம் ஊருக்கு முன்னால் சொல்லும் மி-ரான் அந்த இரண்டு பக்கத்தையும் ஒழுங்காக அடுக்கி சு-ஜின் பக்கமே நகர்த்தினாள்.

“அவனுக்கு ஏதாவது ஆபத்து இருக்கா? அத மட்டும் சொல்லுங்க.”

“இல்லைங்க. இருந்தா அவன்கிட்டயே சொல்லிட்டு உங்ககிட்ட ஓடி வந்திருப்பேன்.”

சு-ஜின் பேனாவை மூடினாள். “நீங்க செஞ்சது சரி. ஆனா வெறும் ரெண்டு பக்கத்துக்கு என்னால கையெழுத்துப் போட முடியாது. ஒரு வாரம் தள்ளி வைக்கச் சொல்லி மாவட்டத்துல கெஞ்சிப் பாக்கறேன். திட்டு வாங்கப்போறது நான்தான்.”

கெஞ்சினாள், திட்டு வாங்கினாள், ஒரு வாரம் கிடைத்தது.

அடுத்த வியாழன் காங்சான் உட்காரும் முன்பே கேட்டான்.

“சொல்லிட்டீங்களா?”

“இல்ல.”

“பாஸா?”

“இல்ல. இன்னிக்குப் பேசறதுலதான் இருக்கு.”

“ஐயோ டீச்சர், வாயிருந்தும் பொழைக்கத் தெரியலையே உங்களுக்கு!” நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான். “சரி, இன்னிக்கு எங்க கணக்கு வாத்தியார நாப்பது நிமிஷம் திட்டறேன். ஒரு எழுத்து விடாம எழுதிக்குங்க. கெட்ட வார்த்தைக்கு மட்டும் புள்ளி வெச்சிடுங்க.”