முதல் பிரேக் எங்கே?

“காலைல வண்டிய எடுத்தா, மொத பிரேக் எங்க சார் மிதிப்பீங்க?”

பிரேக் கடைக்காரர் தனசிங் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். நான் போனது என் காருக்கு, சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிஸ்க்கும் அதைக் கவ்விப் பிடிக்கும் பேடும் வாங்க. ஒரு மாதம் யூடியூப் பார்த்து, பந்தயக் கார்களில் வருவதுபோல ஓட்டை போட்ட டிஸ்க், அதற்குத் தோதான பந்தயப் பேட் என்று முடிவு செய்து, ஒரு சீட்டில் எழுதியும் எடுத்துப் போயிருந்தேன். ஐம்பது வயதில் இந்த ஆசை எதற்கு என்று வீட்டில் கேட்டதற்கே நான் பதில் சொல்லவில்லை. இவருக்கு எதற்குச் சொல்ல வேண்டும்?

“தெரு முனையில. கோவிலம்பாக்கத்துல வீடு. முனைக்கு வந்தா தண்ணி லாரி போய்க்கிட்டே இருக்கும்.”

தண்ணி லாரி என்றதும் அவர் சீட்டை மடித்து என்னிடமே நீட்டினார்.

“இது உங்களுக்கு வேணாம் சார். இந்தப் பேட் நல்லா சூடானாத்தான் பிடிக்கும். ரேஸ்ல ஒரு ரவுண்டுல சூடாயிடும். உங்க வாசல்லேந்து முனைக்கு வர்றதுக்குள்ள எங்க சூடாகறது? டிஸ்க்ல ஓட்டை இருந்தா ஓட்டைகிட்டயே விரிசல் விடும். பிளெயின் டிஸ்க் போடுங்க. ஜில்லுன்னு இருக்கும்போதே பிடிக்கிற பேட் நான் தர்றேன். அப்புறம் இந்த அலாய் வீல எடுத்துட்டு, சாதா வீலும் மேல மூடியும் போட்டுக்குங்க.”

“பிரேக்குக்கும் வீல் மூடிக்கும் என்ன சம்பந்தம்?”

“உள்ள எதுவும் படாது,” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

எனக்குச் சட்டென்று கோபம் வரும். காசு கொடுத்து வாங்குகிறவன் நான். எந்தச் சக்கரம் போட வேண்டும் என்று இவர் யார் சொல்ல? முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்தேன். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் ஒவ்வொரு முறை பிரேக்கை மிதிக்கும்போதும் அந்தக் கேள்வி காதில் கேட்டது. மறு வாரம் அவரிடமே போய் நின்றேன்.

ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பைத் தாண்டி, வேளச்சேரி ரோட்டில் வந்து முடிகிற ஒரு சந்தின் முனையில் இருக்கிறது தனசிங்கின் கடை. பிரேக்கைத் தவிர வேறு வேலை தொடமாட்டார். திருமுடிவாக்கத்தில் பிரேக் பேட் செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு, சொந்தமாகத் தொடங்கிய கடை. புதுப் பேட் போட்டால் வண்டியை அப்படியே தரமாட்டார். விடிந்ததும் வெளிவட்டச் சாலைக்குக் கொண்டுபோய், வேகம் எடுத்து, பிரேக் பிடித்து, மறுபடி வேகம் எடுத்து, மறுபடி பிடித்து, இருபது தடவையாவது பேடைப் பழக்கிவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பார். அதுவரை சரி. கெட்டிக்காரத்தனம் என்று விட்டுவிடலாம்.

மற்றதுதான் புரியவில்லை. பெட்டியிலிருந்து எடுத்த புது டிஸ்க்கை மூக்குக்கு நேரே பிடித்து மோந்து பார்ப்பார். ஸ்பிரே அடித்துத் துடைப்பார், திரும்ப மோப்பார், திரும்பத் துடைப்பார். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்து, ஏதோ நினைத்துக்கொண்டவர் போல மறுபடி கழுவப் போவார். அவர் மனைவி கிருபா ஒரு நாள் மதியச் சாப்பாடு கொண்டுவந்தபோது என்னிடம் சொன்னார்: “சர்ச்சுல ஜெப எண்ணெய் பூசுறாங்கன்னா இவரு எந்திரிச்சு வெளிய போயிடுவாரு சார். ஆறு வருஷமா இப்படித்தான். கேட்டா வாசனை ஒத்துக்கலம்பாரு.”

என் வண்டிக்குப் பேட் வரத் தாமதமானதால் நான் அடிக்கடி போய் உட்கார ஆரம்பித்தேன். ஒரு பிற்பகல், கடைக்கு எதிரே தண்ணி லாரி ஒன்று கிறீச்சென்று பிரேக் பிடித்து நின்றது. தனசிங்கின் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. லாரி போகும்வரை முனையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, நான் கேட்காமலே சொன்னார்.

ஆறு வருடத்துக்கு முன், இதே சந்தில், உள்ளே ஏழாவது வீட்டில் ஸ்டெபின் என்றொரு பையன் இருந்தான். இருபத்து மூன்று வயது. அப்பா இல்லை, ஜோசலின் என்ற டீச்சரம்மாவின் மகன். முதல் வேலை, முதல் கார். என்னைப் போலவே சீட்டு எழுதிக்கொண்டு வந்தான்: கோடு வெட்டிய டிஸ்க், பந்தயப் பேட். தனசிங் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். “அண்ணா, அண்ணா” என்று ஒரு வாரம் கெஞ்சினான். சனிக்கிழமை மாட்டி, பழக்கி, சாவியைக் கொடுத்தார். ஞாயிறு காலை, சர்ச்சுக்குக் கிளம்பும் முன் ஒரு ரவுண்டு போய்விட்டு வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். முனையில் வண்டி நிற்கவில்லை. தண்ணி லாரி வந்துகொண்டிருந்தது.

“அவன் மொத பிரேக் எங்கன்னு நான் கேக்கவே வேணாம் சார். என் கடை வாசல்லதான். தெரிஞ்சுதான் அந்தப் பேடப் போட்டேன்.”

சாவு வீட்டிலேயே எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாராம்: தப்பு என்னுடையது, நான் போட்ட பேட் பிடிக்கவில்லை என்று. அன்றிலிருந்து ஜோசலின் அவரிடம் பேசியதில்லை. மகள் ஜெரூஷாவோடு செம்பாக்கத்துக்குக் குடிபோய்விட்டார். சர்ச் மட்டும் அதே சர்ச். தனசிங்குக்குப் பின் பெஞ்சில் உட்காருவார். பின்னால் அந்த அம்மாவின் மூச்சுகூடக் கேட்கும் என்றார் தனசிங்.

 ஆறுதலாக ஏதோ சொல்ல எழுந்தவன், மூலையில் பனியன் துணியால் சுற்றி வைத்திருந்த ஒரு வட்டத்தை இடித்துவிட்டேன். துணி விலகியது. கோடு வெட்டிய டிஸ்க். முழுக்கத் துருப்பிடித்திருந்தது. நடுவில், பேட் உரசாத இடத்தில் மட்டும், துரு ஏறாமல் ஒரு அடையாளம். விரல் அகலத்தில் ஒரு சிலுவை. அதன் கால் வழிந்து, பேட் உரசும் இடம்வரை இறங்கியிருந்தது.

 எண்ணெய் பட்ட இரும்பு துருப்பிடிக்காது என்பதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை.

“போலீஸ் ஸ்டேஷன்ல நின்ன வண்டியப் போய்ப் பாத்தேன் சார். ரெண்டு முன் சக்கரத்துலயும் இருந்துச்சு. வண்டிய இரும்புக்குப் போட்டப்ப இத மட்டும் வாங்கிட்டு வந்தேன். அலாய் வீல் பாருங்க, உள்ள டிஸ்க் பளபளன்னு தெரியும். புள்ளைக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு அம்மா ஜெப எண்ணெய் வச்சிருக்காங்க. வண்டிய நிறுத்துறது இதுதானேன்னு.”

“அப்போ உங்க பேட் இல்லையே! எண்ணெய்தானே...”

“சத்தமாப் பேசாதீங்க.” முதல் முறையாக அவர் என்மேல் கோபப்பட்டார். “எனக்கே தெரியாது சார். பேடா, எண்ணெயா, ரெண்டுமா? யார்கிட்டயும் கேக்கவும் முடியாது. கேட்டா அந்த அம்மாவுக்குத் தெரிஞ்சிடும். தெரிஞ்சா அவங்க உயிரோட இருப்பாங்களா? என் மேலயே இருக்கட்டும்.”

அவர் டிஸ்க்கைக் குழந்தையைப் போர்த்துவதுபோல மூடி வைத்தார்.

என் வண்டி தயாரான சனிக்கிழமை, நான் சாவி வாங்க நின்றிருந்தபோது பழைய வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தது ஒரு பெண். பக்கத்திலிருந்து இறங்கிய அம்மாவைப் பார்த்ததும் தனசிங் சுவரோடு ஒட்டிக்கொண்டார். சொல்லாமலே எனக்கு ஆள் தெரிந்துவிட்டது.

“ஜெரூஷா வாங்கியிருக்கா,” என்றார் ஜோசலின். ஆறு வருடத்தில் முதல் பேச்சு. “பிரேக் மாத்தணுமாம். வேற யார்கிட்டயும் விட மனசு வரல.”

தனசிங் தலையை மட்டும் ஆட்டினார். பிளெயின் டிஸ்க், ஜில்லென்று இருக்கும்போதே பிடிக்கிற பேட். எத்தனை முறை மோந்தார், எத்தனை முறை துடைத்தார் என்று நான் எண்ணவில்லை. அந்த அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் விடியும்வரை பொறுக்காமல் அப்போதே வெளிவட்டச் சாலைக்குப் போய்ப் பழக்கி வந்தார் தனசிங். திரும்பியதும் நான்கு சக்கரங்களுக்கும் மூடியை மாட்டி, ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் தட்டினார்.

ஜெரூஷா ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். ஜோசலின் கைப்பையைத் திறந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தார். ஜெபம் பண்ணிய ஒலிவ எண்ணெய்.  தனசிங் ஓரடி முன்னே வந்தார். அந்த அம்மா முன் சக்கரத்துக்கு அருகே குனிந்து, மூடியைத் தொட்டார்.

“இதக் கழட்ட முடியுமா தம்பி?”

“வேணாம்க்கா. கிளிப் உடைஞ்சிடும்.”

அவர் குனிந்தபடியே இருந்தார். “பூச இல்ல தம்பி, நீ என்ன சொல்லுவேன்னு பாக்கத்தான் கேட்டேன். அன்னிக்கு மூடி இல்ல.”

தனசிங் மூடியைக் கையால் மறைத்தார்.

“பளபளன்னு இருந்துச்சு. நடுவுல சிலுவை போட்டேன். கை நடுங்கி நெறைய ஊத்திட்டேன். வழிஞ்சுச்சு. துடைக்கல. ஆண்டவரோட எண்ணெயத் துடைப்பாங்களா?” அவர் பாட்டிலைப் பார்த்தார். “இவ டிரைவிங் கத்துக்கும்போது அந்த மாஸ்டர் சொன்னாரு, பிரேக்ல எண்ணெய் படவே கூடாதுன்னு. ரெண்டு வருஷமா உன் பின்னாடி உக்காந்து உன் முதுகப் பாக்கறேன் தனசிங். வாய் வரல. நீ சுமந்துக்கிட்டே இருந்த, நான் விட்டுட்டேன்.”

“இல்லக்கா. பேட் என்னோடது. அதுவும் பிடிச்சிருக்காது.”

“என் எண்ணெய்தான்.”

“என் பேட்தான்க்கா.”

ஒரு பழிக்காக இரண்டு பேர் இப்படி உரிமை கொண்டாடி நான் பார்த்ததில்லை. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது; எனக்கு அதைச் சொல்ல வெட்கமில்லை. அந்த அம்மா பாட்டிலைத் திறக்காமலே தனசிங்கின் கையில் வைத்தார். கையில் எண்ணெய் பட்டதா என்று அவர் பார்க்கக்கூட இல்லை, இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“அம்மா, ஒரு ரவுண்டு பாத்துட்டு வந்துடறேன்,” என்றாள் ஜெரூஷா, கார்க் கண்ணாடியை இறக்கி. அவளுக்கு எதுவும் கேட்டிருக்கவில்லை.

அன்று ஸ்டெபின் சொன்ன அதே வார்த்தை.  வண்டி முனையை நோக்கி நகர்ந்தது. வேளச்சேரி ரோட்டில் தண்ணி லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. வண்டியின் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. வண்டி நின்றது. கோடு போட்டதுபோல, முனையிலேயே நின்றது.

லாரி போனது. ஜெரூஷா ரோட்டில் திரும்பிக் கண்ணிலிருந்து மறைந்தாள். ஆனால் தனசிங்கும் ஜோசலினும் அசையவில்லை. அந்த முனையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள், அங்கே இன்னொரு வண்டியும் நிற்க வேண்டியிருப்பதுபோல.